கைகாரரின் கடைசி எழுத்து

2024 பிப்ரவரி 12, திங்கட்கிழமை. காலையில் பட்டறையைத் திறந்ததும் வழக்கம்போல் முதலில் கம்ப்ரசரின் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வடித்தேன். இரவெல்லாம் கடற்காற்றில் நிற்கும் கம்ப்ரசரில் ஈரம் சேர்ந்துவிடும். அதை வடிக்காமல் மணல் அடித்தால் மணல் கட்டியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். பிறகு கம்ப்யூட்டர் மேல் போர்த்தியிருந்த துணியை வெளியே கொண்டுபோய் உதறினேன். வெள்ளைப் பலகையில் முடிந்த ஆர்டர்களை அழித்தேன். டீ வந்தது, குடித்தேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு கல் பட்டறையில் எழுத்து வேலை பார்க்கிறேன். சிலைகள் என் பொறுப்பு இல்லை. வீட்டுப் பெயர்ப்பலகை, கோயில் உபயக் கல், திறப்பு விழாக் கல், கல்லறைக் கல், இவைதான் என்னிடம் வரும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் சொல்லும் வாசகத்தைக் கம்ப்யூட்டரில் லே-அவுட் செய்வோம். அது பிளாட்டரில் போய் ரப்பர் ஸ்டிக்கராக வெட்டுப்பட்டு வரும். ஸ்டிக்கரைப் பாலிஷ் போட்ட கருப்பு கிரானைட்டில் ஒட்டி, எழுத்து இருக்கும் இடத்தை மட்டும் உரித்தெடுப்போம். பிறகு கம்ப்ரசர் காற்றின் வேகத்தில் மணல் அடித்தால் உரித்த இடம் பள்ளமாகும். மற்ற இடம் ரப்பருக்கு அடியில் பத்திரமாக இருக்கும். பள்ளத்தில் பெயின்ட் நிரப்பினால் வேலை முடிந்தது. காகிதத்தில் தப்பு வந்தால் இன்னொரு காகிதம். கல்லில் தப்பு வந்தால் இன்னொரு கல். தொழில் அவ்வளவுதான்.

1. சோபா ஆர்டர்

அன்று பதினோரு மணி வாக்கில் ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முப்பது வயது இருக்கும். நெம்மேலிப் பக்கம் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர், அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. பெயர் சோபியா. சொந்த ஊர் படாளம். அப்பாவுக்குக் கல்லறைக் கல் வேண்டும், 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை முதலாம் ஆண்டு ஜெபம், அதற்குள் கல் நிற்க வேண்டும் என்றார்.

அப்பா பெயர் மோசே. பம்புசெட் மெக்கானிக். தாத்தா காலத்தில் மற்றவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம். மோசே மட்டும் சின்ன வயதிலேயே மதுராந்தகத்தில் ஒரு கடையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். அதற்கப்புறம் படாளத்தைச் சுற்றி எந்தக் கிணற்றில் மோட்டார் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்களாம்.

"பேரு, ரெண்டு தேதி, அதுக்குக் கீழ ஒரே ஒரு வார்த்தை சார். அந்த ஒரு வார்த்தைலதான் சண்டை" என்றார்.

சண்டை அண்ணனோடு. அண்ணன் சாமுவேல் கல்பாக்கத்தில் டெக்னீஷியன். அவர் 'ஞானமுள்ளவர்' என்று போடச் சொல்கிறார். சோபியாவுக்கு அது பிடிக்கவில்லை. ஊரில் அப்பாவை எல்லோரும் அழைத்தது கைகாரன் என்று. 'கைகாரன் மோசே' என்றால்தான் அஞ்சல்காரருக்கே வீடு தெரியும். அதைப் போட வேண்டும் என்பது இவர் கட்சி. அந்த வார்த்தை கல்லில் இருந்தால் ஜெபத்துக்கு மட்டும் இல்லை, கல்லறைப் பக்கமே வர மாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட்டாராம். ஒரு மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை. அம்மா ரூத்தம்மா இருவருக்கும் நடுவில் போனில் சேதி மாற்றிக்கொண்டிருக்கிறார்.

சண்டையைத் தீர்க்க சோபியா மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்துக் கொண்டுவந்திருந்தார். மடித்த காகிதத்தைப் பிரித்தார். அதில் இருந்தது இது: σοφός.

"எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஐயர்தான் சோபியான்னு பேர் வெச்சார். ஞானம்னு அர்த்தம் சொன்னாராம். அது எங்கேர்ந்து வந்துதுன்னு லன்ச் டைம்ல தேடிப் பார்த்தேன். பழைய கிரேக்கத்துல ஞானமுள்ள ஆம்பளைக்கு இந்த வார்த்தை. அண்ணன் கேக்கற அர்த்தமும் ஆச்சு, என் பேரும் ஆச்சு. யாருக்கும் புரியாது, சண்டையும் வராது. சோஃபோஸ்."

அந்தக் கடைசி வார்த்தை எங்கள் முதலாளி சம்பந்தத்தின் காதில் விழுந்தது. அவர் எழுந்து வெள்ளைப் பலகையில் 'சோபா, படாளம், 25' என்று எழுதிவிட்டு வங்கிக்குப் போய்விட்டார். சோபியா போனதும் தேசிங்கு உள்ளே வந்தார். எங்கள் பட்டறையில் ஸ்டிக்கர் உரிப்பது, மணல் அடிப்பது, கையால் உளி பிடிப்பது எல்லாமே அவர்தான். பலகையைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, கல்லுல சோபாவா? சாய்மானம் வெச்சதா, மொட்டையா?"

கல்லறைக்கு என்றேன்.

"படுத்துகினு கீற மனுசனுக்கு சோபா எதுக்கு?"

விளக்கிச் சொன்னேன். பாதிவரை கேட்டுவிட்டு, எழுத்து எத்தனை அங்குலம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனார். பலகையில் சோபா என்றிருந்தது அப்படியே நின்றது. ஆர்டர் முடியும்வரை எங்களுக்கு அது சோபா கல்தான்.

2. எஸ்தர் டீச்சரின் தேதித்தாள்

எனக்குத் தெரியாத எழுத்தை, தெரிந்த ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் நான் வெட்டுவதில்லை. அரபி எழுத்து வந்தால் ஒருவரிடம் போவேன், ஜப்பானிய எழுத்து வந்தால் இன்னொருவர். கிரேக்கத்துக்கு எனக்கு ஆள் இல்லை. விசாரித்ததில் செங்கல்பட்டில் எஸ்தர் டீச்சர் இருப்பது தெரிந்தது. ஒரு இறையியல் கல்லூரியில் கிரேக்கம் கற்பித்து ஓய்வு பெற்றவர்.

15ஆம் தேதி வியாழக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் கிளம்பினேன். டீச்சர் சமையலறையில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கீரையை நிறுத்தவில்லை. என்னையும் எதிரே உட்காரச் சொல்லி ஒரு கொத்தைக் கொடுத்தார். நானும் ஆய்ந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

முதல் கேள்வியாக, இந்தச் சொல்லுக்கு ஞானி என்று அர்த்தம் போடலாமா என்று கேட்டேன்.

"போடலாம். ஆனா அர்த்தம் என்னன்னு கேட்டா, யார் சொன்னது, எந்தக் காலத்துலன்னு நான் திருப்பிக் கேப்பேன்" என்றார்.

அவர் சொன்னதை அங்கேயே குறித்துக்கொண்டேன். சுருக்கமாகத் தருகிறேன். மிகப் பழைய கிரேக்கப் பாட்டில் இந்தச் சொல்லின் உறவுச்சொல் முதலில் தலைகாட்டுவது ஒரு தச்சனிடம். கப்பல் மரத்தை நூல் பிடித்து நேராக அறுக்கும் திறமைக்கு அந்தப் பெயர். அப்புறம் சுக்கான் பிடிப்பவன், தேர் ஓட்டுபவன், வைத்தியன், யாழ் மீட்டுபவன், பாட்டுக் கட்டுபவன் என்று கை தேர்ந்த எல்லோரையும் அப்படிச் சொன்னார்கள். கல் வேலையில் சிறந்தவனையும் சொன்னார்கள். பல நூற்றாண்டு கழித்துத்தான் அரசாளத் தெரிந்தவன், வானத்தைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் யோசிப்பவன் என்று சொல் மெல்ல மேலே ஏறியது. கையில் இருந்தது தலைக்குப் போனது. நாம் சொல்லும் ஞானி அங்கே வருகிறார்.

"அதோட நிக்கல. ரொம்ப விவரமானவன், பேச்சுல மடக்கறவன், அவன்கிட்ட ஜாக்கிரதைன்னு சொல்லவும் இதே சொல்தான். சம்பளம் வாங்கிக்கிட்டு வாதம் பண்ணச் சொல்லிக்கொடுத்தவங்களுக்கும் இதே வேர்லேர்ந்துதான் பேர் வந்தது. கொஞ்ச நாள்ல அது வசைச்சொல் ஆயிடுச்சு."

தமிழில் ஒரே சொல்லாகச் சொன்னால் எது பொருந்தும் என்று கேட்டேன். டீச்சர் கீரைக் காம்பால் எண்ணினார். "அறிஞர்னா மேடை வந்துரும். ஞானின்னா தாடி வந்துரும். நிபுணர்னா கோட்டு வந்துரும்." கடைசிக் காம்பைக் கீழே போட்டார். "அந்தப் பொண்ணோட அப்பாவுக்கு என்ன தொழில்னு சொன்னீங்க?"

மோட்டார் மெக்கானிக் என்றேன். ஊரில் கைகாரன் என்று அழைப்பார்கள், அண்ணனுக்கு அது பிடிக்காது, சண்டையே அதனால்தான் என்றும் சொன்னேன். டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் வகுப்பில் நின்று பேசியும் இந்தச் சொல் நாக்கில் வரவில்லையே என்றார். தொழிலில் தேர்ந்தவனும் கைகாரன்தான். ஆளை ஏமாற்றுகிறவனையும் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் கைகாரன்தான். சொல் ஒன்று, சொல்லும் தொனி வேறு. கிரேக்கச் சொல் நடந்த வழியிலேயே நம் சொல்லும் நடந்திருக்கிறது. சோபியா சண்டையிலிருந்து தப்பிக்க எடுத்த வார்த்தை, சுற்றிக்கொண்டு வந்து சண்டை போட்ட வார்த்தையிலேயே நின்றது.

பிறகு எழுத்துக்கு வந்தோம். காலண்டரில் கிழித்த தேதித்தாளின் பின்பக்கத்தில் டீச்சர் பெரிதாக எழுதிக் காட்டினார். மூன்று விஷயம் சொன்னார். ஆணுக்கு σοφός, பெண்ணுக்கு σοφή, குணத்தைச் சொன்னால் σοφία. தமிழில் நல்ல அப்பா, நல்ல அம்மா என்றால் 'நல்ல' மாறாது, அங்கே வால் மாறும். இரண்டாவது, கடைசி உயிரெழுத்தின் தலையில் ஒரு சின்னக் கோடு, அது இல்லாமல் எழுதக் கூடாது. மூன்றாவது முக்கியம். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒரே 'ஸ்' ஒலி. ஆனால் சொல்லின் முதலிலும் நடுவிலும் வந்தால் σ, கடைசியில் வந்தால் மட்டும் ς. கடைசி எழுத்துக்கு வால் உண்டு.

"வாலை விட்டுட்டீங்கன்னா கிரேக்கம் தெரிஞ்சவங்க சிரிப்பாங்க."

படாளத்தில் கிரேக்கம் தெரிந்தவர் யார் இருக்கிறார் என்று கேட்டேன்.

"நான் ஒரு நாள் அந்தப் பக்கம் வருவேன்" என்றார். தேதித்தாளில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆய்ந்த கீரையில் ஒரு பங்கும் கொடுத்தார்.

3. இரண்டு பேர் கேட்ட ஒரே வார்த்தை

17ஆம் தேதி சனிக்கிழமை, நான் கூப்பிட்டதால், அண்ணனும் தங்கையும் பட்டறைக்கு வந்தார்கள். சேர்ந்து வரவில்லை, அவரவர் வண்டியில் வந்தார்கள். வாடிக்கையாளர் பெஞ்சில் ஆளுக்கு ஒரு முனையில் உட்கார்ந்தார்கள். சாமுவேலுக்கு நாற்பதை ஒட்டிய வயது. அயர்ன் செய்த சட்டை, பையில் இரண்டு பேனா. பேச்சு என்னைப் பார்த்தே இருந்தது. தங்கைக்குச் சொல்ல வேண்டியதையும் என்னிடமே சொன்னார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. கிரேக்கச் சொல்லின் நல்ல பக்கத்தை மட்டும் சொன்னால் ஆர்டர் அப்போதே முடிந்துவிடும். ஆனால் ஒருவரின் அப்பா கல்லில் ஒரு சொல் நிற்கப்போகிறது என்றால் அதன் முழு அர்த்தமும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதனால் டீச்சர் சொன்னதை வரிசையாக வாசித்தேன். தச்சன், சுக்கான், கல் வேலை, ஞானி, அப்புறம் அந்த மற்ற அர்த்தமும்.

சாமுவேல் அதுவரை பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "ஏமாத்துறவனுக்கும் இதே வார்த்தையா?"

"சாமர்த்தியம் அளவுக்கு மேல போனா, குத்திக்காட்ட அப்படிச் சொல்வாங்களாம்."

"அப்ப கிரேக்கத்துலயும் ஒரு மேலத்தெரு இருந்திருக்கு."

சோபியா திரும்பி அண்ணனைப் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சாமுவேல் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் லீவு நாளில் அப்பாவுக்கு ஸ்பேனர் பெட்டி தூக்கிக்கொண்டு போவாராம். ஊரில் நிலபுலம் வைத்திருந்த மேலத்தெருக்காரர் ஒருவர் கிணற்றில் மோட்டார் சரிசெய்து தண்ணீரும் வந்துவிட்டது. இரண்டு நாளில் மறுபடி நின்றது. அந்த வீட்டுக்காரர் களத்தில் நாலு பேர் முன்னால் அப்பாவை நிறுத்திவைத்துக் கேட்டார்.

"'கைகாரன்டா நீ. ஒண்ணு சரி பண்ணிட்டு இன்னொண்ணை உள்ள வெச்சிட்டுப் போயிருக்க'ன்னாரு. அப்பா ஸ்பேனரை எடுத்தாரு. கிணத்துல எறங்கிப் பார்த்தா குழாய் அடியில, ஃபுட்வால்வுல தவளை மாட்டிக்கினு கீது. தவளையை எடுத்துக் காட்டுனாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அந்த ஆளும் சிரிச்சாரு. 'கைகாரன்தான்டா'ன்னாரு மறுபடியும். அப்பாவும் சிரிச்சாரு. நான்தான் சார் சிரிக்கல."

"எனக்குச் சொல்லவே இல்லையே" என்றார் சோபியா. ஒரு மாதத்தில் அண்ணனைப் பார்த்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

"நீ அப்ப தொட்டில்ல இருந்த."

சோபியா கேட்ட கைகாரன் வேறு. அவர் அப்பாவோடு சைக்கிளில் போகும் வயதில், தண்ணீர் குபுகுபுவென்று கால்வாயில் விழுந்ததும் நடவுக்குக் காத்திருந்த பெண்கள் சொன்ன கைகாரன் அது. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஒரே வார்த்தையை இரண்டு இடத்தில் நின்று கேட்டிருக்கிறார்கள்.

அன்று ஒன்றும் முடிவாகவில்லை. சாமுவேல் எழுந்து, அந்தக் கிரேக்க எழுத்தை ஒரு பிரின்ட் கொடுங்கள் என்று கேட்டார். கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

4. னகர ஒற்று, ரகர ஒற்று

20ஆம் தேதி செவ்வாய்க்கிழமை சாமுவேல் ஸ்டாஃப் பஸ்ஸிலிருந்து போன் செய்தார். பின்னணியில் யாரோ கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்கள். மேலே கிரேக்கம் போடுங்கள், கீழே தமிழிலும் போடுங்கள், தங்கை கேட்ட வார்த்தையே இருக்கட்டும், ஆனால் ஒரு நிபந்தனை என்றார்.

"'ன்' வேணாம் சார். 'ர்' போடுங்க."

கைகாரன் இல்லை, கைகாரர். நான் சோபியாவுக்குச் சொன்னேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கைகாரர் என்று அப்பாவை யாருமே சொன்னதில்லை, யாரோ வேறு ஆள் மாதிரி இருக்கிறது என்றார். நியாயம்தான். பழகிய பெயரில் மரியாதை சேர்ந்தால் ஆள் கொஞ்சம் தூரம் போய்விடுகிறார். ஆனால் அண்ணன் இவ்வளவு தூரம் இறங்கிவந்திருக்கிறார் என்பதும் அவருக்குத் தெரிந்தது. அம்மாவிடம் கேட்போம் என்று மூன்று பேரையும் ஒரே அழைப்பில் சேர்த்தார். நாலாவதாக நான்.

ரூத்தம்மா இரண்டு கட்சியையும் கேட்டார். "ஒரு எழுத்துக்கு இம்மாம் பேஜாரா?" என்றார் முதலில். பிறகு, "இருக்க சொல்ல எல்லாரும் 'ன்'னு போட்டுத்தான் கூப்டாங்க. அவரும் போனாரு. இனிமே படிக்கிறவன் 'ர்'னு படிக்கட்டும். வாயி வலிக்காது" என்றார்.

சோபியாவும் சரி என்றார். நான் லே-அவுட்டைத் திறந்தேன். கிரேக்கத்தை எங்கள் பழைய தமிழ் ஃபான்ட்டில் ஒட்டியதும் வெறும் கட்டங்களாக வந்தது. வேறு ஃபான்ட் தேடி, டீச்சரின் தேதித்தாளைப் பக்கத்தில் மாட்டி, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டு முடித்தபோது மத்தியானச் சாப்பாடு ஆறிவிட்டது.

5. தேசிங்கு செய்த திருத்தம்

23ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஸ்டிக்கர் வெட்டிக் கொடுத்துவிட்டு, திறப்பு விழாக் கல் ஒன்றை அளக்க நான் வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தபோது சோபா கல் ஸ்டிக்கர் ஒட்டி, உரித்து, மணல் அடிக்கும் அறைக்குள் நின்றது. தேசிங்கு கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். வாசலில் சாமுவேல் நின்றார். ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம்.

மணல் அடிப்பதற்கு முன் எழுத்து சரிபார்ப்பது என் வேலை. நான் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் சாமுவேல் பேசினார்.

"சார், கடைசி எழுத்து இது இல்ல."

பார்த்தேன். முதல் எழுத்து σ. கடைசி எழுத்தும் σ. ஐந்து எழுத்தும் கச்சிதமாக இருந்தன. நாலாவது எழுத்தின் தலையில் கோடும் இல்லை. தேசிங்கைப் பார்த்தேன். அவர் முகத்தில் தப்புச் செய்த களையே இல்லை, பாராட்டுக்குக் காத்திருக்கிற முகமாக இருந்தது.

"பிளாட்டர் கொளறிட்சு அண்ணாத்த. மொத எழுத்து ஒரு மாதிரி, கடைசி எழுத்து வால் முளைச்சி ஒரு மாதிரி வெட்டிகீது. ரெண்டும் ஒண்ணுதானே, ஸு, ஸு. நான் மொத எழுத்து மேல டிரேசிங் வெச்சி எடுத்து, பின்னாடி வேற ரப்பர்ல அதே மாதிரி வெட்டி உக்கார வெச்சிட்டேன். மேல பிளேடு பட்ட மாதிரி ஒரு கீறல் கீது, அதையும் ஒட்டிட்டேன். தெரியுதா பாரு, ஒட்டு எங்க கீதுன்னு?"

உண்மையிலேயே தெரியவில்லை. ரப்பருக்கு ரப்பர் ஒட்டிய இடம் விரலால் தடவினாலும் தட்டுப்படாது. நான் கண்ணாடி போட்டுப் பார்த்திருந்தால் தேதித்தாளோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்திருப்பேன், அது முறை. ஆனால் சாமுவேல் காகிதத்தைப் பார்க்காமலே சொன்னார். அப்புறம்தான் பையிலிருந்து அந்த பிரின்டை எடுத்தார். மடிப்புகள் வெளுத்துக் கிழிகிற பதத்தில் இருந்தது. ஆறு நாள் பஸ்ஸில் அதையே பார்த்துக்கொண்டு போய்வந்திருக்கிறார்.

"கடைசியில வந்தா மட்டும் வால். மேல கோடு கீறல் இல்ல, அது எழுத்தோட சேர்ந்தது" என்று அவரே தேசிங்குக்கு விளக்கினார். தங்கையோடு பேசாத ஒரு மாதமும் கைகாரன் என்ற வார்த்தையைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவர் இவர்.

தேசிங்கு பிரின்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஒரே சத்தத்துக்கு ரெண்டு எழுத்து வெச்சவன் யாரு சார்? வேலையில்லாதவன்" என்றார். கோபம் இல்லை, சங்கடம் இருந்தது. "இன்னா அர்த்தம் இதுக்கு?"

"தொழில்ல கைகாரன்னு அர்த்தம்" என்றார் சாமுவேல். "சில நேரம் அளவுக்கு மீறி கைகாரத்தனம் பண்றவனுக்கும் சொல்வாங்களாம்."

தேசிங்கு ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப சோபாவுல நானும் உக்காரலாம்."

சாமுவேலும் சிரித்தார். இந்தத் தடவை சிரித்தார்.

ஒட்டிய ரப்பரைப் பிய்த்து எடுத்தோம். கடைசி எழுத்துக்குப் புதிய ஸ்டிக்கர் வெட்டி ஒட்டினேன். தேசிங்கு வாலை வால் என்றும் கோட்டைக் கோடு என்றும் மதித்து உரித்தார். மூன்று பேரும் சேர்ந்து தேதித்தாளோடு ஒருமுறை ஒப்பிட்டோம். அதற்கப்புறம்தான் கம்ப்ரசரைப் போட்டேன். மணல் அடித்து முடியும்வரை சாமுவேல் வெளியில் நின்றுகொண்டிருந்தார். ஸ்டிக்கர் முழுவதையும் உரித்துக் கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவியதும் உள்ளே வந்து ஒரே ஒரு இடத்தைத் தொட்டுப் பார்த்தார். கிரேக்கத்தின் வால் இல்லை. தமிழின் 'ர்'.

6. படாளம்

சனிக்கிழமை கல்லை நிறுத்தினோம். 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பொதுவாக நாங்கள் செய்த கல்லை நின்ற இடத்தில் பார்க்க எங்களுக்கு வாய்ப்பதில்லை. போனேன்.

அண்ணனும் தங்கையும் ஒரே வண்டியில் வந்தார்கள். ரூத்தம்மா கல்லைச் சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தார். அழுக்கு ஒன்றும் இல்லை, முந்தின நாள்தான் நான் பாலிஷ் துணியால் துடைத்திருந்தேன். ஜெபம் முடிந்து மிக்சரும் காபியும் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு விவசாயி வந்தார். மேலத்தெருக்காரர் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். மோசேயைக் களத்தில் நிறுத்திக் கேட்டவர் இல்லை, அவர் தலைமுறையும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கல் முன்னால் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"கைகாரரு." கல்லை இன்னொருமுறை பார்த்தார். "ஆமா. எங்க கழனி மோட்டாரு இன்னும் அவரு சுத்துன காயில்லதான் ஓடினு கீது."

பிறகு சாமுவேலைப் பார்த்தார். "மேல இன்னாப்பா எழுத்து அது?"

"கிரேக்கம் அண்ணே."

"இன்னான்னு போட்டுக்கீது?"

சாமுவேல் தங்கையைப் பார்த்தார். தச்சன், சுக்கான், ஞானி எல்லாம் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். இத்தனைக்கும் எல்லாம் மனப்பாடம் அவருக்கு.

"கீழ இருக்கறதுதான் அண்ணே மேலயும்" என்றார்.

அந்த ஆள் தலையாட்டிவிட்டுக் காபி வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இதைப் பற்றி யோசித்தேன். கல்லறைக் கல்லுக்கு வருகிறவர்களிடம் நாங்கள் ஒரு அட்டையைக் காட்டுவது வழக்கம். அன்பே உருவானவர், பண்பாளர், ஞானி, பெருந்தகை என்று வாசகங்கள் அச்சடித்த அட்டை. பெரும்பாலானோர் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போவார்கள். எங்களுக்கும் சுலபம், எழுத்தும் தயாராக இருக்கும். ஆனால் அந்த அட்டையில் உள்ள எந்தச் சொல்லையும் யாரும் உயிரோடு இருந்த ஒருவரைப் பார்த்து வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ஒருவருக்கு உரிய சொல் அகராதியில் இருக்கலாம், கிரேக்கத்தில்கூட இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் அது ஏற்கெனவே அவர் தெருவில் புழங்கிக்கொண்டிருக்கும். அது எந்தத் தொனியில் புழங்கியது என்பதையும், வீட்டில் யார் காதில் எப்படி விழுந்தது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டால், கடைசி எழுத்தை மட்டும் நாம் சரியாகப் போட்டால் போதும். இந்த வேலையில் நான் கற்றது இவ்வளவு.

26ஆம் தேதி திங்கட்கிழமை காலை, கம்ப்ரசரில் தண்ணீர் வடிப்பதற்கும் முன்னால், முதல் வேலையாக அந்த அட்டையை எடுத்து மேசையின் கீழ் அறைக்குள் வைத்தேன். வைத்து நிமிர்வதற்குள் ஒரு அம்மாள் வந்துவிட்டார். மாமியாருக்குக் கல்லறைக் கல் வேண்டுமாம். கல்லின் அளவைக் கேட்பதற்கு முன், உங்கள் மாமியாரை ஊரில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அதைக் கல்லுல போட முடியாது சார்" என்றார்.

"பரவால்ல, ரெண்டாவதா இன்னா சொல்வாங்கன்னு சொல்லுங்கம்மா" என்று பென்சிலை எடுத்தேன்.